நடக்காத இரண்டு நாட்கள்

இதை நான் ஆறின மனதோடு எழுதவில்லை. நடந்தது என் அக்காவுக்கு. நடுவுநிலைமையோடு எழுதக்கூடியவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

அக்கா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. இருபத்தெட்டு வருஷ வேலை. ஆள் குள்ளம், குரல் பெரிது. மைதானத்தில் நின்று கூப்பிட்டால் மாடியில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் மீதி டீச்சர். வகுத்தல் கணக்கில் ஈவை மட்டும் எழுதிவிட்டு மீதியை விட்டுவிட்டால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "மீதி எங்க போச்சு? ஆவியாப் போச்சா?" என்று கேட்பாள். எதையும் பாதியில் விட்டு நகரத் தெரியாத பிறவி. அதுதான் அவளைக் கெடுத்தது.

நான் கல்வி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் உண்டு. இந்த வட்டாரத்து டீச்சர்களின் லீவு லெட்டர், லோன் மனு, மாறுதல் மனு, மன்னிப்புக் கடிதம் எல்லாம் என் கைவழியாகத்தான் அந்த அலுவலகத்துக்குள் போகும். யார் எதற்கு அழுகிறார்கள் என்பது அதிகாரிக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும்.

அக்கா ஓய்வு பெற இரண்டரை வருஷம்தான் பாக்கி இருந்தது. அதற்குள் ஹெச்.எம். நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பதவி ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிறது, அதில் தண்ணீர் கிடையாது. குழாய் இணைப்புக் கேட்டு மனுப் போட வேண்டுமென்றால் ஹெச்.எம். கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ஆறு வருஷமாக அங்கே நிரந்தர ஹெச்.எம். கிடையாது. பொறுப்பு என்று வந்து போனவர்கள் எல்லாரும் நமக்கெதற்கு வம்பு என்று அந்த மனுவை இழுப்பறையில் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். ஏழாவது, எட்டாவது படிக்கிற பெண்கள் காலையில் வந்தால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டி வருமே. ஒரு வெயில் நாளில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அக்கா அவளை மடியில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "போதும் டீச்சர், அப்புறம் கஷ்டம்" என்றாளாம். பதின்மூன்று வயசுப் பெண் இப்படிக் கணக்குப் போட்டுக் குடிக்க வேண்டியிருக்கிறது.

"ஒரே ஒரு வருஷம் என்னை அந்த ரூம்ல உக்கார விடட்டும்டா. தண்ணி லைன் இழுத்துட்டு வீட்டுக்குப் போயிடறேன்" என்பாள் அக்கா.

பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. அடுத்த பெயர் குட்டி டீச்சருடையது. அக்காவைவிடவும் குள்ளம் என்பதால் அந்தப் பெயர். அதே பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். இருபது வருஷமாக இரண்டு பேருக்கும் பஸ்ஸில் ஒரே சீட், மத்தியானத்தில் ஒரே மேஜை. எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முதலில் நிற்பவள் அவள்தான்.

அந்த வருஷம் அரசாங்கம் பெரிய மனது பண்ணியது. வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, டீச்சர்களுக்கு அதில் பாடம் நடத்தவும் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்து, அதற்கென்று தனியாக நிதி ஒதுக்க வைத்தார். யோசனையில் ஒரு குறையும் இல்லை. நல்ல யோசனை, பொதுஜனத்தின் வரிப்பணம், கற்றுக்கொள்ளக் காத்திருந்த அறுபத்திரண்டு டீச்சர்கள். எல்லாம் சரியாக இருந்தும் இப்படி ஆனதால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

மூன்று நாள் பயிற்சி. அதை நடத்தும் வேலை ஒரு தனியார் கம்பெனிக்குப் போயிருந்தது. அங்கிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்தார். அக்கா புது நோட்டு ஒன்று வாங்கி, அட்டை போட்டு, முதல் பக்கத்தில் தேதி எழுதி எடுத்துக்கொண்டு போனாள். ஐம்பத்தெட்டு வயசில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி. பின்னங்களை வட்டமாகப் போட்டு, வெட்டி, நகர்த்திக் காட்டலாமாமே என்று ஒரு வாரமாக அதே பேச்சு.

எந்தப் பயிற்சிக்குப் போனாலும் இந்த டீச்சர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் காலையில் வருகைப் பதிவேடு சுற்றுக்கு வரும். அதில் மூன்று நாளுக்கும் முற்பகல், பிற்பகல் என்று ஆறு கட்டம் இருக்கும். ஆறையும் அப்போதே நிரப்பிவிடுவார்கள். கடைசி நாள் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கும், அப்போது பதிவேட்டைத் தேட முடியாது என்பது காரணம். யாரையும் ஏமாற்ற இல்லை. எப்படியும் மூன்று நாளும் வரத்தானே போகிறோம் என்ற நினைப்பு. அன்றைக்குப் பதிவேட்டை நீட்டியவர் கல்வி அதிகாரியேதான். "எல்லாத்தையும் போட்டு முடிச்சிடுங்கம்மா" என்றார். அக்கா போட்டாள். பக்கத்தில் குட்டி டீச்சரும் போட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பயிற்சி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பதினொன்றரை வரை வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை. பிறகு கோட்டுக்காரர் போர்டை ஆன் பண்ணினார். அது பாஸ்வேர்டு கேட்டது. அவருக்குத் தெரியவில்லை. யாருக்கோ போன் பண்ணினார், அந்த யாரோ எடுக்கவில்லை. அரைமணி நேரம் அறுபத்திரண்டு பேரும் ஒரு நீலத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் போர்டுக்கு முன்னால் போய், பேனாவைத் திரையில் வைத்து, சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். "மீதி ரெண்டு நாள் ஆன்லைன்ல நடக்கும், லிங்க் வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். லிங்க் வரவே இல்லை. அக்கா இரண்டு நாளும் லீவு போட்டதுபோல வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போனபோது கூட, "பேசாதடா, வந்துடும்" என்றாள்.

ஒரு மாதத்தில் போர்டு பள்ளிக்கு வந்து எட்டாம் வகுப்பில் ஏறியது. அக்கா அதை விட்டுவிடவில்லை. சனிக்கிழமைகளில் தனியாகப் போய் உட்கார்ந்து நோண்டிப் பார்த்தாள். படம் வந்தது. பின்னத்துக்குப் போகலாம் என்றால் உரிமக் குறியீடு வேண்டும் என்று நின்றுவிட்டது. கம்பெனி எண்ணுக்குப் பதினேழு தடவை கூப்பிட்டாள். அலுவலகத்துக்கு எழுதியும் கொடுத்தாள், நானே டைப் பண்ணினேன். கரடியாய்க் கத்தியும் பதில் இல்லை. கடைசியில் தூசி படியாமல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, சாக்பீஸை எடுத்தாள்.

மற்ற பள்ளிகளில் என்ன செய்தார்கள் தெரியுமா? போர்டு எத்தனை மணி நேரம் ஓடியது என்று மேலே கணக்குப் போகும். அதனால் காலையில் வந்ததும் ஆன் பண்ணிவிடுவார்கள். அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும், பக்கத்துக் கரும்பலகையில் பாடம் நடக்கும். சாயங்காலம் அணைப்பார்கள். ஆறு மணி நேரப் பயன்பாடு. குட்டி டீச்சர் இதை அக்காவிடம் சொன்னாள்.

"சும்மா ஆன் பண்ணி விடுடி. உனக்கென்ன நஷ்டம்."

"அது ஓடிட்டிருக்கும், நான் சுவத்துல எழுதுவேன். பிள்ளைங்க என்னைப் பத்தி என்னடி நினைக்கும்?" என்றாள் அக்கா.

வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தார்கள். மற்ற போர்டுகள் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடியிருந்தன. அக்காவுடையது ஒன்பது மணி நேரம். மெமோ வந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் மெமோ. மூன்று நாள் பயிற்சியை முழுமையாகப் பெற்றிருந்தும் சாதனத்தைப் பயன்படுத்தாமல் அரசுப் பணத்தை வீணடித்தது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் கேட்டிருந்தார்கள். பணத்தை வீணடித்தது அவளாம். எதிரே அலுவலகத்துக்குள் போய் அந்தக் காகிதத்தைக் கிழித்து அவர்கள் மூஞ்சியில் எறியலாமா என்றுதான் எனக்கு இருந்தது.

ஆனால் நான் வியாபாரி. என் கம்ப்யூட்டரில் 'மன்னிப்பு' என்றே ஒரு ஃபைல் இருக்கிறது. பெயரும் தேதியும் மாற்றினால் போதும். அறியாமல் நேர்ந்த தவறு, இனி நேராது, தங்கள் உண்மையுள்ள. இதைக் கொடுத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். பதவி உயர்வு உத்தரவு வர ஐந்து வாரம்தான் இருந்தது.

"இதைக் கொடுத்துடுக்கா. நாற்காலி வந்துடும், தண்ணி வந்துடும்" என்றேன்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். "எனக்குத் தெரியலன்னு சொல்றதுக்கு வெக்கமில்லடா. சொல்லிக் கொடுத்தும் தெரியலன்னு எழுதச் சொல்றியே. நான் டீச்சர். அப்படி ஒரு பிள்ளை எங்கிட்ட சொன்னா, சொல்லிக் கொடுத்தவங்க யாருன்னு கேப்பேன்."

"இப்ப ரோஷத்துக்கு நேரமா?"

"இதுல நான் ஆமான்னு எழுதினா, அடுத்த வருஷமும் அதே கோட்டுக்காரன் வருவான். அதே காசுல. அடிடா, நான் சொல்றேன்."

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். பயிற்சி மூன்று நாள் நடக்கவில்லை. முதல் நாள் அரை நாள் நடந்தது, அதிலும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. மற்ற இரண்டு நாட்கள் நடக்கவே இல்லை. நடக்காத நாட்களுக்கு நான் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டது என் தவறு. உண்மையான பயிற்சி ஒன்று கொடுத்தால் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். இவ்வளவுதான். நான் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டு அவளே எதிரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

விசாரணை வைத்தார்கள். நகல்களை எடுத்துக்கொண்டு போன சாக்கில் நான் ஜன்னலோரம் நின்றேன். பதிவேட்டை நீட்டிய அதே அதிகாரிதான் விசாரணை அதிகாரியும்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"ஆறும்?"

"ஆறும்தான் சார்."

"அப்ப ட்ரெயினிங் நடந்திருக்கு."

"இல்ல சார்."

"நடக்காததுக்கு எப்படிம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

"நீங்கதான் சார் நோட்டை நீட்டினீங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். அக்கா போர்டில் பேனாவை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "இதுவும் நீங்கதான்" என்றார். ஆமாம், அதுவும் அவள்தான்.

மறுநாளிலிருந்து மற்ற அறுபத்தொரு பேரிடமும் வாக்குமூலம் கேட்டார்கள். வாசகம் அலுவலகத்திலிருந்தே வந்தது. 'மூன்று நாள் பயிற்சி முழுமையாக நடைபெற்றது. மிகவும் பயனுள்ளதாக இருந்தது.' டைப் பண்ண எங்கே வருவார்கள்? என் கடைக்குத்தான். முதலில் வந்த ஐந்து பேரை நான் விரட்டிவிட்டேன். ஒருத்தரைப் பார்த்து, உங்களுக்குச் சோறு இறங்குகிறதா என்றும் கேட்டேன். அக்காவுக்குச் செய்தி போய்விட்டது.

"அடிச்சுக் கொடு. அவங்களும் ஆறு கையெழுத்துப் போட்டவங்கதான். உண்மையச் சொன்னா அவங்களுக்கும் மெமோ வரும். வீட்டுல லோன் இருக்கு, பொண்ணு இருக்கு" என்றாள்.

"உனக்கில்லையா?"

"நான் எழுதிட்டேன், அவங்களால முடியல. உன் கடையில அடிக்கலன்னா அடுத்த கடையில அடிக்கப் போறாங்க. விடு."

அடித்துக் கொடுத்தேன். நாற்பத்து மூன்று பிரதி. என் சொந்த அக்காவுக்கு எதிராக, என் சொந்தக் கையால். பெயரை மட்டும் மாற்றி மாற்றி. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

குட்டி டீச்சர் நாற்பத்து நான்காவதாக வந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுடைய தாளில் கூடுதலாக ஒரு வரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவள் என்பதால் அவளிடம் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். 'முதல் நாளுக்குப் பிறகு அவர் பயிற்சிக்கு வரவில்லை என்பதை நான் அருகிலிருந்து அறிவேன்.'

நான் அதை மூன்று தடவை படித்தேன். நடக்காத ஒரு நாளில், இல்லாத ஒரு மண்டபத்தில், காலி நாற்காலிக்குப் பக்கத்தில் இவள் உட்கார்ந்திருந்தாளாம். அக்கா வரவில்லை என்று பார்த்தாளாம்.

"இதை நான் அடிக்க மாட்டேன்" என்றேன்.

"தம்பி, எனக்கு வேற வழி தெரியல."

"எழுந்து போங்க. கையால எழுதிக் குடுங்க, அப்பவாவது எழுதறப்ப வலிக்கும்."

எழுதித்தான் கொடுத்தாள்.

உத்தரவு வந்தது. பயிற்சி மூன்று நாளும் சிறப்பாக நடந்தது உறுதியாகிறதாம். அக்கா மட்டும் இரண்டு நாள் வராமலேயே பொய்க் கையெழுத்து இட்டதும் உறுதியாகிறதாம். பதவி உயர்வு இரண்டு வருஷத்துக்கு நிறுத்திவைப்பு. அவளுக்குப் பாக்கி இருந்ததோ பத்தொன்பது மாதம். இந்தக் கழித்தல் கணக்கு அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கம்பெனிக்கு அடுத்த வருஷத்து நிதியும் சேங்ஷன் ஆகிவிட்டது. வாக்குமூலங்கள் அறுபத்தொன்றும் அந்தக் கோப்பில் நற்சான்றாகச் சேர்க்கப்பட்டன என்று அலுவலக எழுத்தர் என் கடையில் டீ குடித்துக்கொண்டே சொன்னார். அந்த டீயை அவர் தலையில் ஊற்றாமல் விட்டது என் தொழில் புத்தி.

அத்தான் அன்றைக்கு அக்காவுக்குத் தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவள் சாப்பிடவில்லை. "அந்தப் பிள்ளைங்க" என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. வேலைக்குப் போன இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஹெச்.எம். ஆக வந்தவள் குட்டி டீச்சர். பட்டியலில் அடுத்த பெயர் அதுதானே. புது முத்திரைக்கு அலுவலகத்திலிருந்து என்னிடமே ஆர்டர் வந்தது. செய்து முடித்தேன். ஆள் அனுப்பாமல் நானே எடுத்துக்கொண்டு போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வர வேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

குட்டி டீச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முத்திரையை மேஜையில் வைத்து நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா உள்ளே வந்தாள். கையில் தண்ணீர் இணைப்பு மனு. என்னை அங்கே பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"மேடம், ஒரு கையெழுத்து வேணும்."

"என்னடி மேடம்ங்கற." குட்டி டீச்சர் மனுவை வாங்கிப் பார்த்தாள். "வெச்சிட்டுப் போ. மேல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுடறேன்."

அக்கா எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கேளு. உக்காந்திருக்கேன்."

"இப்பவேவா? உனக்கு எட்டாம் வகுப்பு இருக்கே."

"இருக்கு. அங்க பதினாறு பொண்ணுங்க தாகத்தோட உக்காந்திருக்கு. நானும் இங்க உக்காந்திருக்கேன்."

"புரிஞ்சுக்கடி. இப்பதான் வந்திருக்கேன். ஏன் எதுக்குன்னு கேள்வி வந்தா நான் என்ன பதில் சொல்வேன்?"

"நாம ரெண்டு பேரும் ஒரே மூச்சுல ஆறு கையெழுத்துப் போட்டோம். அப்ப மேல யாரைக் கேட்டோம்?"

குட்டி டீச்சர் மனுவை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"நான் வரலன்னு பக்கத்துல இருந்து பாத்ததா எழுதினியே, அதை யாரைக் கேட்டு எழுதின?"

"அவங்க எழுதச் சொன்னாங்கடி. நானா எழுதல."

"தெரியும். இப்ப நான் சொல்றேன், போடு."

அக்கா குரலை உயர்த்தவில்லை. மைதானம் முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் அன்றைக்கு மேஜையைத் தாண்டி வரவில்லை. நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த நாலு வார்த்தையும் எனக்கு மறந்துவிட்டது. வெளியே மணி அடித்தது, பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது, அக்கா அசையவில்லை. குட்டி டீச்சர் பேனாவைத் திறந்தாள். கையெழுத்துப் போட்டு, புது முத்திரையை மையில் தொட்டு அழுத்தினாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுடி."

அக்கா மனுவை எடுத்து மேலிருந்து கீழ் வரை படித்தாள். திரும்பவும் அவள் முன்னால் வைத்தாள்.

"மன்னிக்கல. கையெழுத்துக்குக் கீழ தேதி போடல, பாரு. இன்னைக்குத் தேதியைப் போடு."